மலாய் சுருங்கியது, தமிழ் அசையவில்லை

குளுவாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர் வேலை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இரவு ஒன்பதரைக்கு அச்சகத்துக்காரர் அழைத்தார். தலைப்புகள் பெரிதாக இருக்கின்றன, மலர் 64 பக்கத்தில் அடங்கவில்லை, நாலு புள்ளி குறைத்துக் கொடுங்கள் என்றார். மலரில் கதை, கட்டுரை, வாழ்த்துச் செய்தி எல்லாம் சேர்த்து 41 தலைப்புகள். பொறுப்பாசிரியையின் முகம் வாடிவிட்டது.

"ஒண்ணொண்ணா மாத்தணுமாண்ணே?"

வேண்டாம், ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்று சொல்லி, கோப்பை என் மடிக்கணினியில் லிப்ரே ஆபிசில் திறந்தேன். 'ஹெடிங் 1' என்ற பாணியை எடுத்து, 22 என்றிருந்த எழுத்தளவை 18 ஆக்கிச் சரி கொடுத்தேன். தலைப்புகளில் இருந்த மலாய்ச் சொற்கள் மட்டும் சுருங்கின. தமிழ் அப்படியே நின்றது. தலைமையாசிரியர் உரையின் தலைப்பில் மலாயும் தமிழும் அடுத்தடுத்து இருந்தன. அந்த ஒரே வரியில் பாதி சிறுத்து, பாதி பெரிதாக நின்றது.

"தமிழ் அசையவே மாட்டேங்குதேண்ணே" என்றார் ஆசிரியை.

மறுபடி உள்ளே போய் இன்னொரு பெட்டியில் இருந்த எண்ணையும் மாற்றினேன். இப்போது தமிழும் சுருங்கியது. ஆனால் 41இல் 37 மட்டுமே. நான்கு தலைப்புகள் எதற்கும் அசையவில்லை.

ஆக, இரண்டு புதிர்கள். ஒரே வரியில் மலாய் சொன்னபடி கேட்டபோது தமிழ் ஏன் கேட்கவில்லை? எல்லாத் தலைப்பும் கேட்ட பிறகும் நான்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? இரண்டாவது எளிது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் பாணி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ஸ்டைல் என்பார்கள். பள்ளியில் திங்கட்கிழமை சபைகூடல் நடக்கிறது. தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில், "நாளை முதல் மாணவர் தலைவர்கள் எல்லாரும் கழுத்துப்பட்டை அணிந்து வர வேண்டும்" என்கிறார். யார் யார் மாணவர் தலைவர்கள் என்று அவர் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அந்தப் பொறுப்பு யார் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் எல்லாரும் மறுநாள் பட்டையோடு வருவார்கள். அடுத்த மாதம் புதிதாக ஒருவர் நியமிக்கப்பட்டால் அவருக்கும் அது பொருந்தும். பட்டையின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் இன்னொரு வாக்கியம் போதும்.

பாணியின் வேலை இதுதான். பத்தியின் மேல் 'இது தலைப்பு' என்று ஒரு பொறுப்பை எழுதி ஒட்டுகிறோம். தலைப்பு எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வேறோர் இடத்தில் ஒரே ஒரு முறை எழுதி வைக்கிறோம். பத்தி அந்த இடத்தைப் பார்த்து உடுத்திக்கொள்கிறது.

இதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. கோப்புக்குள் உண்மையிலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது. நீங்களே பார்க்கலாம். இன்றைய வேர்டு கோப்பு ஏதாவது ஒன்றைப் படியெடுத்து, அதன் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை நீக்கி 'ஜிப்' என்று மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். ஒரு கோப்பு என்று நாம் நினைத்தது பல சிறு கோப்புகளைக் கட்டிய மூட்டை என்று தெரியும். 'வேர்டு' என்ற உறைக்குள் 'டாக்குமென்ட்' என்று ஒரு கோப்பும் 'ஸ்டைல்ஸ்' என்று ஒரு கோப்பும் இருக்கும். முதல் கோப்பில் நீங்கள் தட்டிய சொற்கள் இருக்கும். தலைப்பு வரும் இடத்தில் 'ஹெடிங் 1' என்ற பெயர் மட்டுமே இருக்கும், அளவு இருக்காது, நிறமும் இருக்காது. அவையெல்லாம் இரண்டாவது கோப்பில், அதே பெயரின் கீழ், ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். நீங்கள் 12 புள்ளி என்று கொடுத்தது அங்கே 24 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். வேர்டு அரைப் புள்ளியில்தான் கணக்கு வைக்கிறது, பத்தரைப் புள்ளியையும் முழு எண்ணாக எழுத முடியும் என்பதால்.

இனி அந்த நான்கு தலைப்புகள். கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது, மூன்றில் 'ஹெடிங் 1' என்ற பெயர் இருந்தது, பக்கத்திலேயே 44 என்ற எண்ணும் இருந்தது. அதாவது 22 புள்ளி. யாரோ அந்த மூன்று தலைப்புகளையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, மேல்பட்டையில் இருக்கும் எண்ணைத் தொட்டு அளவு வைத்திருக்கிறார்கள். இதை நேரடி வடிவமைப்பு என்கிறார்கள். எனக்கு மேற்பூச்சு என்ற சொல் பிடித்திருக்கிறது. கோயில் அன்னதானத்தில் சாம்பார் அண்டாவில் போட்ட உப்பு எல்லார் இலைக்கும் ஒன்றுதான். ஒருவர் தன் இலையில் தனியாக ஒரு சிட்டிகை தூவிக்கொள்கிறார். இரண்டாம் பந்திக்கு அண்டாவில் உப்பைக் குறைத்தாலும், அவர் இலையில் தூவிய சிட்டிகை போகாது. கோப்பிலும் அடுக்கடுக்காக உப்பு உண்டு. அடியில் முழு ஆவணத்துக்கான பொது விதி, அதற்கு மேல் பத்திப் பாணி, அதற்கு மேல் எழுத்துப் பாணி, எல்லாவற்றுக்கும் மேலே மேற்பூச்சு. எழுத்துக்கு மிக அருகில் இருப்பது எதுவோ அதன் சொல்தான் செல்லும். வேர்டில் மேற்பூச்சை நீக்க, வரியைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோலோடு இடவெளிக் கட்டையை அழுத்தினால் போதும். லிப்ரே ஆபிசில் கண்ட்ரோலும் எம்மும். மூன்று தலைப்புகளும் அடுத்த நொடியே வரிசைக்கு வந்தன.

நான்காவது தலைப்பின் கதை வேறு. அது தலைப்பே கிடையாது. ஒரு பெற்றோர் புலனத்தில் அனுப்பிய வாழ்த்துச் செய்தியை அப்படியே ஒட்டி, முதல் வரியைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கியிருந்தார்கள். கண்ணுக்கு அச்சு அசலாகத் தலைப்பு. கணினியைப் பொறுத்தவரை அது சாதாரணப் பத்தி. மாணவர் தலைவர் போலவே உடுத்தி நிற்கும், ஆனால் யாரும் நியமிக்காத மாணவர். சபைகூடல் அறிவிப்பு அவரைச் சேராது.

அடுக்குகளைப் பற்றிப் பேசும்போது ஒரு விந்தையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தடிப்பான எழுத்தில் அமைந்த தலைப்புப் பாணிக்குள் ஒரு சொல்லுக்கு, 'தடிப்பு' என்று சொல்லும் எழுத்துப் பாணியைக் கொடுத்துப் பாருங்கள். வேர்டில் அந்தச் சொல் இன்னும் தடிக்காது, மெலிந்துவிடும். பிழை என்று நினைத்துப் பலர் போராடுவார்கள். தெரிந்தே வைத்த விதி அது. அந்த எழுத்துப் பாணியின் நோக்கம் சொல்லைத் தனித்துக் காட்டுவது. சுற்றிலும் தடிப்பாக இருக்கும்போது மெலிந்தால்தானே தனித்துத் தெரியும்?

இப்போது முதல் புதிர். இதுதான் நம்முடைய புதிர். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு இது வாழ்நாளில் ஒரு முறைகூட வராது.

லிப்ரே ஆபிசில் பாணியைத் திறந்து எழுத்துருப் பகுதிக்குப் போனால், மூன்று மொழிக் குழுக்களுக்கு மூன்று தனி இடங்கள் இருக்கும், கணினியில் அவற்றை இயக்கியிருந்தால். ஒன்று மேற்கத்திய எழுத்து. ஒன்று ஆசிய எழுத்து, அதாவது சீனம், ஜப்பான், கொரியம். மூன்றாவது, சிக்கலான தளவமைப்பு எழுத்து. தமிழ் மூன்றாவதில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு, தனி அளவு, தனித் தடிப்பு. வேர்டு கோப்பின் உள்ளேயும் இதைப் போன்ற ஏற்பாடுதான். அளவுக்கு இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், தடிப்புக்கு இரண்டு குறிகள் இருக்கும். நான் முதலில் மாற்றியது மேற்கத்தியப் பெட்டியை. மலாய் ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், எழுதப்படுவதால் அது சுருங்கியது. தமிழ் தன் பெட்டியில் இருந்த 22ஐப் பார்த்துக்கொண்டு நின்றது.

தமிழில் என்ன சிக்கல், ஏன் அப்படி ஒரு பெயர் என்று கேட்கலாம். 'கொ' என்று தட்டுங்கள். கணினி சேமித்து வைப்பது இரண்டே குறிகள்: முதலில் க, பிறகு ஒகரக் குறி. திரையில் வரும்போது அந்த ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். சேமித்த வரிசை வேறு, வரையும் வரிசை வேறு. ரோமன் எழுத்துக்கு இந்த வேலை இல்லை, வந்த வரிசையில் வைத்துக்கொண்டே போகலாம். வரைவதற்கு முன் எழுத்துகளை அலசி, இடம் மாற்றி, சேர்க்க வேண்டிய மொழிகளை எல்லாம் ஒரே குழுவாக வைத்தார்கள். வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்தும் அதில்தான் இருக்கிறது. அரபு இருந்தால் ஜாவியும் உண்டு. அதனால் ஜொகூரில் ஓர் அழைப்பிதழில் ரூமி, சீனம், தமிழ், ஜாவி நான்கும் வந்தால், கணினி மூன்று பெட்டிகளையும் திறக்கும், தமிழும் ஜாவியும் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். இந்த ஏற்பாட்டின் முழுப் பயனும் நம் ஊர் போன்ற இடத்தில்தான் தெரிகிறது. ஒரே தலைப்புப் பாணி போதும். லிப்ரே ஆபிசில் மலாய்க்கு 18, தமிழுக்கு 16, சீனத்துக்கு 17 என்று அதற்குள்ளேயே வைக்கலாம். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தலைப்புப் பாணி உருவாக்க வேண்டியதில்லை.

யாரும் கேட்காமலே வேர்டில் தமிழ் 'லதா' எழுத்துருவில் வந்து நிற்பதும் இதனால்தான். எந்த எழுத்துரு என்று பாணி சொல்லாவிட்டால், எந்த மொழிக்கு எது என்று கோப்போடு வரும் ஒரு பட்டியலை வேர்டு பார்க்கிறது. அந்தப் பட்டியலில் தமிழுக்கு நேரே லதா என்று எழுதியிருக்கிறது.

இவ்வளவு வசதி இருந்தும் நம்மவர்கள் பாணியைத் தொடவே அஞ்சுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஜொகூர் பாரு, மாசாய், சிகாமட் என்று எங்கே போனாலும், தமிழ் தட்டச்சில் வல்லவர்கள்கூட ஒவ்வொரு தலைப்பையும் கையால்தான் ஒழுங்குபடுத்துகிறார்கள். சோம்பலும் அறியாமையும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அது சூடு கண்ட கை.

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் எப்படி இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தமிழரிடையே பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டினால், கோப்புக்குள் சேர்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எம் என்ற குறி வரும் இடத்தில் அகரத்தின் படத்தை வரை என்று எழுத்துரு ஏமாற்றிக்கொண்டிருந்தது. அங்கே தமிழ் என்பதே தோற்றம்தான். அந்தத் தலைப்பின் பாணியில் எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள், அம்மா மறைந்து ஆங்கிலக் குப்பை வரும். வேறொரு தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினால், அது வேறு குறியீட்டு முறையில் அமைந்திருந்தால், தமிழ் எழுத்தே வரும், ஆனால் தமிழ்ச் சொல் வராது. ஒரு தடவை முழு மலரும் இப்படிச் சிதைந்ததைப் பார்த்தவர் அடுத்த முறை பாணி இருக்கும் பக்கம் கையை வைப்பாரா?

இதிலிருந்து மீண்ட கதையில் நம் நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே கணினியில் தமிழுக்கான முரசு மென்பொருளை உருவாக்கினார், பின்னர் அது முரசு அஞ்சலாக வளர்ந்தது. நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் நடந்த மாநாடுகளில், எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளை ஏற்றது. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் டிஸ்கி என்ற முறையை உருவாக்கிப் புழங்கினார்கள். கடைசியில் எல்லாரும் வந்து சேர்ந்த இடம் ஒருங்குறி. உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண் பட்டியல், அதில் தமிழுக்கு என்று 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி. ககரம் என்றால் அதற்கு ஒரே எண்தான், லதாவில் எழுதினாலும், ஆப்பிள் கணினிகளில் இருக்கும், முத்து நெடுமாறன் வடித்த இணைமதியில் எழுதினாலும். 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

ஒருங்குறி செய்ததும் பாணி செய்வதும் ஒரே வேலையின் இரண்டு படிகள். 'இது ககரம்' என்பதையும் 'ககரம் இப்படி வளையும்' என்பதையும் ஒருங்குறி பிரித்து வைத்தது. 'இது தலைப்பு' என்பதையும் 'தலைப்பு இப்படித் தோன்றும்' என்பதையும் பாணி பிரித்து வைக்கிறது. முதல் பிரிவு நமக்குக் கிடைக்காதவரை இரண்டாவதால் பயனில்லை. கிடைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பழைய அச்சம் மட்டும் கையில் தங்கிவிட்டது. பாமினி காலத்து எச்சரிக்கை இன்றைய கோப்புக்குத் தேவையில்லை.

பிரித்து வைக்கும் எண்ணம் புதிதும் அல்ல. 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும், ஆவணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அது என்ன என்று பெயர் சூட்டும் குறிமொழி ஒன்றை வகுத்தார்கள். மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து அதற்கு ஜிஎம்எல் என்று பெயர் வந்தது. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பிராவோ என்ற சொற்செயலியை உருவாக்கியவர்களில் ஒருவரான சார்ல்ஸ் சிமோனி பிறகு மைக்ரோசாஃப்டுக்கு வந்தார். 1983இல் வெளிவந்த முதல் வேர்டிலேயே பாணித் தாள் இருந்தது. இணையப் பக்கங்களும் 1996 முதல் இதே வழிக்கு வந்தன.

பாணியைத் திருத்த உட்காரும்போது தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. சாய்வெழுத்தை எடுத்துவிடுங்கள். சாய்வு ரோமன் எழுத்தின் மரபு. அதற்கென்று தனியாக வடித்த சாய்வு உருவங்கள் அங்கே உண்டு. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இல்லை, நிமிர்ந்த எழுத்தைக் கணினி பக்கவாட்டில் தள்ளிக் காட்டுகிறது. ஆங்கிலத்துக்காக அமைத்த பாணியை அப்படியே ஏற்கும்போது அந்தச் சாய்வும் சேர்ந்து வந்துவிடுகிறது. தமிழ்ப் பெட்டியில் மட்டும் அதை நீக்கித் தடிப்பைக் கொடுத்தால் போதும். வரி இடைவெளியும் அப்படித்தான். 'கீ'யின் சுழி மேலே ஏறுகிறது, 'மூ'வின் வால் கீழே இறங்குகிறது. ரோமனுக்குச் சரியாக இருக்கும் இடைவெளியில் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். உடற்பத்திப் பாணியில் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால், அதை அடிப்படையாகக் கொண்ட மற்றப் பாணிகளும் தாமே கூட்டிக்கொள்ளும், அவற்றில் வேறு இடைவெளி குறித்து வைக்காதவரை. தாய்ப் பாணியில் மாற்றியது சேய்ப் பாணிக்கு இறங்குவதை வழிவரவு என்று சொல்லலாம்.

வேர்டில் பாணியைத் திருத்தும் பெட்டியின் அடியில், 'தானாகப் புதுப்பி' என்று பொருள்படும் ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அதில் குறியிட்டால், ஒரே ஒரு தலைப்பைக் கையால் சிவப்பாக்கினாலும் எல்லாத் தலைப்புகளும் சிவந்துவிடும். இலையில் தூவிய உப்பு அண்டாவுக்குள் இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு மட்டும்தான் இதெல்லாம் என்று எண்ண வேண்டாம். பார்வையற்ற ஒருவர் நம் மலரைக் கணினியில் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் அவருக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும், தமிழும் படிக்கும். உலாவும் முறையில் எச் எழுத்தைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 'ஹெடிங் 1' என்ற பெயர் ஒட்டியிருக்கும் வரிகளைத்தான் அதற்குத் தலைப்பாகத் தெரியும். பெரிதாக்கித் தடிப்பாக்கிய சாதாரணப் பத்தியை அது தாண்டிப் போய்விடும். நான்காவது தலைப்பாக நின்ற அந்த வாழ்த்துச் செய்தி, கண் தெரிந்தவருக்குப் பளிச்சென்று தெரியும், காதால் படிக்கிறவருக்கு அப்படி ஒன்று மலரில் இருப்பதே தெரியாது. பொருளடக்கத்தைத் தானாக எடுக்கும்போதும் அது விடுபட்டது. ஆசிரியை பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையால் சேர்த்திருந்தார்.

அன்றிரவு அந்த வரிக்கு 'ஹெடிங் 1' என்று பெயர் கொடுத்தோம். மேற்பூச்சைத் துடைத்தோம். பொருளடக்கத்தை மறுபடி எடுத்தோம், 41 தலைப்புகளும் சரியான பக்க எண்ணோடு வந்து நின்றன. பத்தேகாலுக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

உங்கள் பள்ளி மலரோ, கோயில் திருவிழா மலரோ, சங்கத்தின் ஆண்டறிக்கையோ அடுத்து உங்கள் கைக்கு வரும்போது, முதல் சொல்லைத் தட்டுவதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தலைப்பு, துணைத் தலைப்பு, உடற்பத்தி ஆகிய மூன்று பாணிகளையும் திறந்து, தமிழுக்கான பெட்டியில் எழுத்துருவும் அளவும் வையுங்கள். அதை வார்ப்புருவாகச் சேமித்து, எழுதித் தரப்போகும் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.